மூன்றாவது சத்தம்

இந்தத் தீபாவளி போனஸில் வாஷிங் மெஷின் வாங்குவதில்லை என்று உறுதியாக முடிவு செய்தேன். மொட்டை மாடியில் தனியாக நின்றுகொண்டு முடிவு செய்தேன். என் மனைவி தாரணி கீழே சமையலறையில் இருந்தாள். உறுதியான முடிவுகளை நான் மாடியில்தான் எடுப்பது வழக்கம். படி இறங்கும்போது அவை கொஞ்சம் தளரும். சமையலறையை எட்டும்போது யோசனையாகிவிடும். அவள் திரும்பிப் பார்த்தால் "ஒண்ணுமில்ல, தண்ணி குடிக்க வந்தேன்" ஆகிவிடும்.

இந்த முறை தண்ணீர் குடிக்காமலே திரும்பினேன். அந்த அளவுக்கு உறுதி.

காரணம் ஒரு பெட்டி. எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிக்கும் நடுவில், காலடியில் வைத்து மிதிக்கிற பெட்டி. கிட்டாரின் சத்தத்தை வாங்கி, அதில் கரகரப்பு, நடுக்கம், எதிரொலி எல்லாவற்றையும் சேர்த்து ஆம்புக்கு அனுப்பும். மல்டி எஃபெக்ட்ஸ் என்று பெயர். டிஜிட்டல். அதில் ஒன்று ஏற்கெனவே என்னிடம் இருந்தது. இன்னொன்று வேண்டும் என்பதுதான் என் நிலை.

நான் கோதண்டராமன். சொந்த ஊர் ஆரணி. கோதண்டம் என்றால் வில். ஒரே ஒரு நாண். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெங்களூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டெஸ்டர் வேலை. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அதனாலோ என்னவோ, எந்தப் பொருள் வாங்கினாலும் கூட வரும் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் பொருளைத் தொடுவேன். தப்பாகத் தொட்டுவிட்டால் யாரைக் கேட்பது? மிக்ஸிப் புத்தகத்தை ஜெர்மன் பக்கங்கள் தவிர மற்றதெல்லாம் படித்திருக்கிறேன்.

முதல் பெட்டியை பிரிகேட் ரோடில் வாங்கினேன். கடைக்காரர் வாசித்துக் காட்டினார். வானம் பிளந்தது. வீட்டுக்கு வந்து நான் வாசித்தேன். வானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் பெட்டிக்குள் எண்பது சத்தங்களைத் தயாராகப் போட்டுத் தருகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு பெயர். 'பெரிய தேவாலயம்' என்று ஒன்று உண்டு. காலித் தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை விட்டு இருமினால் வரும் சத்தம் அது. 'நள்ளிரவு ரயில்' என்பது பகலிலேயே பயமாக இருக்கும். எண்பதும் போதாது என்று, நாமே செய்து சேமித்துக்கொள்ள இன்னும் எண்பது காலி இடம்.

அங்கேதான் என் வாழ்க்கை போனது. சனிக்கிழமை காலை உட்காருவேன். கரகரப்பைக் கொஞ்சம் ஏற்றுவேன். அது ஏறினால் எதிரொலி அமுங்கும். எதிரொலியை ஏற்றினால் கீச்சென்று கத்தும். கீச்சைக் குறைத்தால் உயிர் போகும். நிமிர்ந்து பார்த்தால் சாம்பார் ஆறியிருக்கும். ஒரு பாட்டின் ஒரு வரிகூட வாசித்திருக்க மாட்டேன். ஒருவழியாக அமைந்த சத்தத்தைச் சேமிக்கப் போகும்போது கரண்ட் போகும். போகாவிட்டால் இன்னும் மோசம்: மறுநாள் அதையே கேட்டால், என் மேல் கோபமுள்ள யாரோ செய்து வைத்த மாதிரி இருக்கும்.

"என்னங்க அது, மிக்ஸி ஜார்ல ஸ்பூன் விழுந்த மாதிரி?" என்று தாரணி உள்ளேயிருந்து கேட்பாள்.

"டிஸ்டார்ஷன். கரகரப்பு."

"அதை நிறுத்த முடியாதா?"

"காசு குடுத்து வாங்கினதே அதுக்குத்தான்."

"மிக்ஸில அது இலவசமா வருதே."

தாரணி, நாங்கள் குடியிருக்கும் விவேக் நகரிலேயே ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். எங்கள் தெருவில் ஒன்று விட்டு ஒரு நாள் தண்ணீர். வந்த நாளில் மாடிக் கல்லில் துணி துவைத்தாக வேண்டும். ஐப்பசித் தூறலில் போர்வை காயாது. எங்களோடு சேர்ந்து அதுவும் குளிரில் நடுங்கும். இவ்வளவுக்கும் வாஷிங் மெஷின் வேண்டும் என்று அவள் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லிப் பார்த்திருப்பேன். செய்தித்தாளில் வந்த முழுப்பக்க வாஷிங் மெஷின் விளம்பரத்தை எடுத்து, தூசி படாமல் இருக்க என் பெட்டியின் மேல் போர்த்தி வைத்தாள். படம் மேலே தெரியும்படி. பெட்டியைத் தொட வேண்டுமென்றால் மெஷினைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

இந்தச் சமயத்தில் அலுவலகத்தில் பரத் அமெரிக்கா கிளம்பினான். அவனிடம் இருந்தது புதிய பெட்டி. போன மாதம் வந்தது. எனக்கே விலைக்குத் தருகிறேன் என்றான். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் வாசிச்சுப் பாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும், வேணாம் சொல்லிடு" என்று கையில் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை மாலை அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ஒரு பெண்மணி எழுந்து இடம்கூடக் கொடுத்தார்.

"என்ன இது?" என்றாள் தாரணி.

"பெட்டி."

"நம்மகிட்டதான் பெட்டி இருக்கே."

"அது பழசு. அதுல சத்தம் தட்டையா வருது. உயிர் இல்ல."

"இதுல?"

"இதுல உயிர் இருக்கு. இருபத்திநாலு பிட்."

"பழசு?"

"பதினாறு."

அவள் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். "அப்போ ஒரு எட்டு பிட்டுக்காக நான் இன்னும் எத்தனை வருஷம் போர்வை பிழியணும்?"

இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் நான் தயாராக வந்திருந்தேன். பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்ததால் யோசிக்க முடிந்தது.

"தாரணி, நீ சயின்ஸ் டீச்சர். நான் டெஸ்டர். நாம ரெண்டு பேரும் எதுக்கு சண்டை போடணும்? டெஸ்ட் வெச்சுடலாம். எந்தப் பெட்டின்னு கண்ணால பாக்கக் கூடாது. காதால மட்டும் கேக்கணும். எது ஜெயிக்குதோ அது நம்ம வீட்ல இருக்கும். தோத்தது எதுவா இருந்தாலும் வெளிய போகும். புதுசு ஜெயிக்கலைன்னா போனஸ்ல வாஷிங் மெஷின்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எது ஜெயிக்குதோ அது மட்டும்தான் வீட்ல?"

"அது மட்டும்தான்."

"அப்புறம் மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் என்னிக்காவது மாத்திப் பேசியிருக்கேனா?"

"பேசினதே இல்லையேங்க, எங்க மாத்தறது?" என்றாள். ஆனால் சம்மதித்துவிட்டாள். அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தது எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும். மகிழ்ச்சியைத் தந்தது.

மறுநாள் காலை அவள் காய்கறி வாங்கப் போன நேரத்தில் ஒரு காரியம் செய்தேன். நான் பொய் சொல்லத் தெரியாதவன். அதனால் பொய் சொல்லவில்லை. பழைய பெட்டியில் டிரெபிள் என்கிற மேல் ஒலியை எல்லாம் பூஜ்யத்துக்கு இறக்கினேன். பேஸ் என்கிற அடி ஒலியை முழுக்க ஏற்றினேன். புதிய பெட்டியில் ஊரிலேயே நல்ல சத்தத்தைத் தேடி வைத்தேன். இரண்டையும் தனித்தனித் துண்டால் மூடினேன். தாரணி கேட்பாள், பழையது சேற்றில் எருமை நடந்த மாதிரி இருக்கும், புதியது தேன் மாதிரி இருக்கும், அவள் வாயாலேயே புதியது என்பாள். சோதனைக்கு முன்பே முடிவைத் தயாரிப்பது என் தொழிலில் பெரிய குற்றம். ஆனால் அலுவலகத்தில் யாரும் போர்வையைப் பற்றிப் பேசுவதில்லை.

அவள் வந்தாள். பையை வைத்தாள். துண்டுகளைப் பார்த்தாள்.

"யாரு வாசிக்கறது?"

"நான்தான்."

"நீங்க வாசிச்சா ரெண்டும் ஒரே மாதிரிதான் கேக்கும். கீழ ஓஸ்வால்ட் அங்கிளைக் கூப்பிடறேன்."

ஓஸ்வால்ட் அங்கிள் எங்கள் வீட்டுக்காரர். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தேவாலயப் பாட்டுக் குழுவில் காலம் காலமாக கிட்டார் வாசிப்பவர். என் வாசிப்பைப் பற்றி அவர் ஒரே ஒரு முறைதான் கருத்து சொல்லியிருக்கிறார். "டியூன் பண்றதுக்கு ஏன் மேன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டார். அப்போது நான் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் வருவதில் எனக்கு நஷ்டமில்லை. யார் வாசித்தாலும் சேறு சேறுதான். "சரி" என்றேன்.

"யாரு கேக்கறது?"

"நீதான். பெட்டி எதுன்னு தெரியாதவங்கதான் கேக்கணும்."

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு ரெண்டும் இரைச்சல். நீங்க கேளுங்க. உங்க காதுக்கே வித்தியாசம் தெரியலைன்னா அப்புறம் எதுக்கு வாங்கறது?"

நான் உள்ளுக்குள் குதித்தேன். எருமை நடக்கிற சத்தத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு காதுகூடத் தேவையில்லை. ஆனாலும் முகத்தைச் சிந்தனையாக வைத்துக்கொண்டு, "நியாயம்தான்" என்றேன்.

ஓஸ்வால்ட் அங்கிள் மூக்குக்கண்ணாடியும் காபியுமாக மேலே வந்தார். தாரணி அவரைப் படுக்கையறைக்குள் அழைத்துப் போனாள். ஆம்ப், பெட்டிகள், கிட்டார் எல்லாம் உள்ளே. என்னை ஹாலில், ஜன்னலைப் பார்த்தபடி உட்கார வைத்தாள். கதவுக்குத் திரையை இழுத்துவிட்டாள்.

"மூணு தடவை வாசிப்பாரு. எது பெஸ்ட்டுன்னு சொல்லுங்க."

"பெட்டி ரெண்டுதானே, எதுக்கு மூணு?"

"உங்க ஆபீஸ்ல ஒரு தடவை பாத்துட்டு விட்டுடுவீங்களா?"

தொழிலைத் தொட்டுவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் சத்தம் வந்தது. சேறு. எருமை மட்டுமல்ல, அதன் மொத்தக் குடும்பமும் நடந்தது. எனக்கே பாவமாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று திரைக்குப் பின்னாலிருந்து தாரணி.

"ரொம்ப மோசம். மண்ணு. இப்படி ஒரு சத்தத்தோட எப்படித்தான் இவ்வளவு நாள் குடும்பம் நடத்தினேனோ!"

"குடும்பத்தை இழுக்காதீங்க. அடுத்தது கேளுங்க."

இரண்டாவது பரவாயில்லை. இனிமைதான். ஆனால் கொஞ்சம் மெழுகு பூசிய ஆப்பிள் மாதிரி. இதுதான் புதியதோ என்று நினைத்தேன். உடனே சொல்லக் கூடாது, மூன்றையும் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று என் தொழில் தடுத்தது. இப்போது நினைத்தால், தொழிலை அந்த ஒரு நிமிஷம் விட்டிருக்கலாம்.

உள்ளே ஏதோ நகர்த்தும் சத்தம். ஒரு தட்டல். "மெதுவா மேன்... சாரி, மெதுவா ம்மா" என்று ஓஸ்வால்ட் அங்கிள்.

"என்ன பண்றீங்க?"

"கேபிள் மாத்தறோம். திரும்பாதீங்க!"

நான் திரும்பவில்லை. நேர்மையானவன்.

பிறகு மூன்றாவது சத்தம் வந்தது.

எப்படிச் சொல்வது? ஒரே ஒரு கம்பியை அவர் மெல்லத் தட்டினார். அது எழுந்தது, சுவரைத் தொட்டது, திரும்பி வந்தது, என் தோளில் கை வைத்தது. இரண்டு வருஷமாக எண்பது காலி இடத்திலும் நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டாவது சத்தம் புதியதாக இருக்கும் என்று நினைத்ததற்காக வெட்கப்பட்டேன். அதுவும் பழைய பெட்டிதான், வேறு எண்ணில் வாசித்திருக்கிறார்கள். இதுதான் புதியது என்று தெளிந்தேன்.

"இதுதான்!" என்று கத்தினேன். "மூணாவதுதான் பெஸ்ட்! கேள்வியே இல்ல!"

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? இதுதான் இருபத்திநாலு பிட். இந்த எதிரொலியைக் கேட்டியா? ஒரு பெரிய மண்டபம் கண்ணு முன்னாடி தெரியுது. உயரமான கூரை."

"சுவர் எப்படித் தெரியுது?"

"வழவழன்னு. சலவைக்கல்லு சுவர்."

"டைல்ஸா இருக்குமோ?"

"சேச்சே. டைல்ஸ்ல இந்த கம்பீரம் வராது."

உள்ளே ஓஸ்வால்ட் அங்கிளுக்கு இருமல் வந்தது. வெகுநேரம் நிற்கவில்லை.

"அப்போ மூணாவதுதான் ஜெயிச்சுது?"

"ஜெயிச்சுது."

"உறுதியா?"

"உறுதியா. மொட்டை மாடில நின்னுகூட சொல்லுவேன்."

திரை விலகியது. நான் எழுந்து போனேன்.

இரண்டு பெட்டிகளும் கட்டில் மேல் இருந்தன. துண்டு போர்த்தியபடி. எதிலும் விளக்கு எரியவில்லை. எதிலும் கேபிள் இல்லை. பக்கத்துக் குளியலறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஓஸ்வால்ட் அங்கிள் என் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். கிட்டாரிலிருந்து கிளம்பிய கேபிள் நேராகக் குளியலறைக்குள் போனது. உள்ளே, தண்ணீர் வராத நாள் என்பதால் காய்ந்து கிடந்த தரையில், ஒரு ஸ்டூல் மேல், டைல்ஸ் சுவரைப் பார்த்தபடி என் ஆம்ப் நின்றது.

மண்டபத்தில் ஒரு ஓரமாக சோப்பு டப்பா இருந்தது.

"எட்டாம் கிளாஸ்ல ஒரு பாடம்," என்றாள் தாரணி. "வழவழப்பான கடினமான பரப்புல ஒலி நல்லா பிரதிபலிக்கும். பசங்க நம்பவே மாட்டாங்க. திங்கக்கிழமை போய் சொல்லணும்."

"இது... இது எந்தப் பெட்டியுமே இல்லாம..."

"இல்லாமதான். முதல்ல வந்தது உங்க பழசு. ரெண்டாவது புதுசு. மூணாவது பாத்ரூம்."

"உன் பழைய பெட்டில டிரெபிள் எல்லாம் ஸீரோல இருந்துச்சு மேன்," என்றார் ஓஸ்வால்ட் அங்கிள் கவலையோடு. "ரொம்ப கலீஜா இருந்துச்சு. யார் வெச்சா அப்படி?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று முன்பே சொன்னேன். தரையைப் பார்த்தேன். தாரணி என்னைப் பார்த்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவள் பரீட்சையில் காப்பி அடித்து, அதிலும் தப்பாக அடித்த பையனைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"சரி," என்றேன். ஒரு டெஸ்டருக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரிய வேண்டும். "புதுசு ஜெயிக்கல. பரத்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன். போனஸ்ல வாஷிங் மெஷின். போதுமா?"

பழைய பெட்டியைக் கட்டிலிலிருந்து எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். இவ்வளவுக்குப் பிறகு அதன் மேல் எனக்குப் பாசம் வந்திருந்தது.

"அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"அது இருந்த இடத்துல வைக்கறேன்."

"எது ஜெயிக்குதோ அது மட்டும்தான் வீட்லன்னு சொன்னது யாரு?"

நான் பெட்டியோடு நின்றேன்.

"தோத்தது எதுவா இருந்தாலும் வெளிய போகும்னு சொன்னது யாரு? ஜெயிச்சது பாத்ரூம். அது வீட்லயே இருக்கட்டும். இது ரெண்டும் தோத்துடுச்சு."

"தாரணி, அது புதுப் பெட்டிக்காக சொன்ன விதி..."

"'எதுவா இருந்தாலும்'னீங்களே. நான் ரெண்டு தடவை கேட்டு உறுதி வேற வாங்கிக்கிட்டேனே."

ஓஸ்வால்ட் அங்கிள் வாளியிலிருந்து மெல்ல எழுந்தார். கிட்டாரைச் சுவரில் சாய்த்தார். இரண்டு கைகளையும் என் முன் நீட்டினார்.

"சர்ச் க்வாயருக்கு ஒண்ணு வேணும்னு அன்னிக்கே தாரணிகிட்ட சொல்லி வெச்சேன் மேன். பத்திரமா வெச்சுக்கறேன்," என்றார்.

அன்றைக்கே. அது என்றைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

தீபாவளிக்கு முதல் நாள் வாஷிங் மெஷின் வந்தது. அதை வைக்க வேறு இடமில்லாததால் குளியலறையிலேயே வைத்தோம். கூட வந்த புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தது நான் ஒருவன்தான். அதனால் வீட்டில் அதை இயக்கத் தெரிந்ததும் நான் ஒருவன்தான் என்று ஆகிவிட்டது. கிட்டாரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் மண்டபம் இல்லை. மெஷின் பாதி எதிரொலியை விழுங்கிவிடுகிறது, தொங்குகிற துணி மீதியை விழுங்கிவிடுகிறது. ஆம்பில் நேராகச் செருகி வாசிக்கிறேன். தட்டையாகத்தான் வருகிறது. பழகிவிட்டது.

டிசம்பரில் ஓஸ்வால்ட் அங்கிளும் அவர் மனைவி யூனிஸ் ஆன்ட்டியும் எங்களைக் கரோல் பாட்டுக்கு அழைத்தார்கள். தேவாலயத்துப் பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்தோம். பாட்டுக் குழு எழுந்து நின்றது. ஓஸ்வால்ட் அங்கிளின் காலடியில் என் பெட்டி. அவர் எதையும் திருகவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. முதல் எண்ணை மிதித்தார். வாங்கிய அன்று இருந்தபடியே இருக்கும் எண், நான் ஒரு நாளும் மதித்து வாசிக்காத எண். கையை வைத்தார்.

வானம் பிளந்தது. முன் பெஞ்சில் ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது. யூனிஸ் ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாரணி என் பக்கம் சாய்ந்தாள். ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறாள் என்று நானும் குனிந்தேன்.

"ஏங்க, எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க! நம்ம வீட்ல இருந்த வரைக்கும் இந்தப் பெட்டிக்கு என்னதாங்க உடம்புக்கு?"